ஒருத்தனும் சாகாத சண்டை

படத்துக்குப் பக்கத்தில் நின்று பேசுவது என் தொழில். படத்துக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆனாலும் சண்டைக் காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் பிரியாமல் திரிந்தோம்.

வெள்ளைக்காரன் ஜெர்மன்காரனோடும், மறுகா ஜப்பான்காரனோடும் அடிபட்ட காலம் அது. பட்டாளத்துக்கு ஆள் போதவில்லை. ஊர் ஊராகப் படம் காட்டி ஆள் சேர்க்க மட்டக்களப்புக்கு ஒரு வண்டி வந்தது. வண்டியை ஓட்டுவதும் படம் காட்டுகிற மெஷினைப் பார்ப்பதும் லூயிஸ். புளியந்தீவில் பிறந்த பறங்கி. வீட்டுக்குள் போர்த்துக்கீசு, வாசலுக்கு வெளியே எங்கட தமிழ். ஆள் எழுதுகிறவர் ரைட்டர் ஐயா. வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். மடிப்புக் கலையாத காற்சட்டை, புத்தகத்தில் இருக்கிற தமிழ். நான் கூத்தில் பிற்பாட்டுப் பாடுகிறவன். இந்தக் கரையில் நான் வாய் திறந்தால் வாவிக்கு அந்தக் கரையில் மாடு தலையைத் தூக்கும் என்று பகிடியாகச் சொல்வார்கள். அந்தத் தொண்டைக்காகத்தான் என்னைப் பிடித்தார்கள்.

படம் சின்னப் படம். சாரன் கட்டிய பொடியன்மார் வருவார்கள். தலைமயிர் வெட்டுவார்கள். காக்கி உடுப்பும் சப்பாத்தும் கொடுப்பார்கள். மேசையில் இருந்து ரொட்டியும் இறைச்சியும் தின்பார்கள். பிறகு கையை வீசி வரிசையாக நடப்பார்கள். கடைசியில் ஒரு கப்பல், அதில் நின்று எல்லாரும் கை காட்டுவார்கள், கொடி பறக்கும். லூயிஸ் இங்கிலீசுச் சத்தத்தை அமர்த்துவான். நான் தகரக் குழலை வாயில் வைத்து, ரைட்டர் ஐயா சொல்லித் தந்ததைக் கூவுவேன்: "மூன்று நேரமும் சாப்பாடு! காலுக்குச் சப்பாத்து! கடல் கடந்து உலகம் பார்க்கலாம்!" செத்தும் போகலாம் என்பது எனக்குச் சொல்லித் தந்ததில் இல்லை.

அடுத்தவன் சொல்லிக் கொடுத்ததைத் தன் வாயால் சொல்லிச் சோறு தின்றவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். ஏலம் கூவியிருப்பீர்கள், கலியாணம் பேசியிருப்பீர்கள், சந்தையில் தைலம் விற்றிருப்பீர்கள். கேட்டுக்கொண்டு நிற்கிற சனம் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னால் அது எந்த இடத்தில் போய்க் குத்தும் என்று உங்களுக்குத்தான் தெரியும். அப்படி என்னைக் குத்தின வார்த்தைகள் சிலதைக் கேட்டபடியே எழுதுகிறேன்.

பாயோடு வந்த சனம்

வாவிக்கு மேற்கே பொழுது படுகிற பக்கத்தைப் படுவான்கரை என்போம். வயல் செய்கிற ஊர்கள். கூத்து என்றால் உயிரை விடுகிற சனம். அங்கே ஓர் ஊரில் "சண்டைப் படம்! சண்டைப் படம்!" என்று பகல் முழுக்க வண்டியில் இருந்து கத்திக்கொண்டு போனேன். பொழுது பட முன்னமே வெளி நிறைந்துவிட்டது. பார்த்தால் ஆளுக்கொரு பாய், தலையணை, தண்ணீர்ச் செம்பு, பிள்ளைகளுக்குப் போர்வை. கூத்து என்றால் விடியும்வரை நடக்கும். சண்டைக் கூத்து என்றால் விடிந்த பிறகும் நடக்கும். அவர்கள் அப்படித்தான் ஆயத்தமாகி வந்திருந்தார்கள்.

ஒரு வாய் வெற்றிலை மென்று துப்ப முன்னம் எங்கள் படம் முடிந்தது. ஒருவரும் எழும்பவில்லை. ரைட்டர் ஐயா முன்னே வந்து, "விருப்பமுள்ள இளைஞர்கள் வரலாம்" என்றார். சனம் அவரை அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்கள் என்றது, திரை மறைக்கிறதாம். கூத்தில் முதலில் ஒவ்வொரு வேடமாக வந்து ஆடிக் காட்டிவிட்டுப் போவதை வரவு என்போம். இது வரவு, கதை இனித்தான் என்று அவர்கள் இருக்கிறார்கள். நான் இறங்கிப்போய், முன்னால் சப்பாணி கட்டி இருந்த அண்ணாவியாரிடம், அந்த ஊரில் கூத்துப் பழக்குகிற பெரியவர் அவர், இவ்வளவுதான் என்று சொன்னேன்.

"எதிரி வரல்லியே?" என்றார்.

"வரமாட்டான் அண்ணாவியார்."

"வெட்டுப்பட்டு விழுறது?"

"இல்ல."

"விழுந்தவன்ட பொஞ்சாதி தலைய விரிச்சுக்கொண்டு வந்து பாடுறது?"

"அதுவும் இல்ல."

அவர் எழும்பிப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். ரைட்டர் ஐயாவை ஒருதரம் பார்த்தார், கொடி கட்டிய வண்டியை ஒருதரம் பார்த்தார்.

"ஒருத்தனும் சாகாத சண்டைக்கு என்னத்துக்கு மனே இவ்வளவு ஆள் தேடுறீங்க?"

காலைப் பார்த்த மனிசி

சனம் கலைந்த பிறகும் ஒரு மனிசி மட்டும் வெள்ளைத் துணிக்கு முன்னால் நின்றா. தங்கப்பிள்ளை மாமி. புருசன் இல்லை, பிள்ளை என்று ஒரே ஒரு மகன், நாகமணி. எங்கள் வண்டி வருவதற்கு முந்தின வருசம், பட்டணத்துக்கு நெல் கொண்டுபோன இடத்தில் பட்டாளத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவன். அவன் நடக்கிற வரிசையில் இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கும் தெரியும். எல்லாரும் நேரே பார்த்து நடக்கையில் ஒருவன் மட்டும் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். அவன்தான்.

"மறுகா ஒருக்காக் காட்டு தம்பி" என்று லூயிஸைக் கேட்டா. அவன் படத்தைச் சுற்றித் திரும்பவும் ஓட்டினான். மகன் சிரித்த இடத்தில் எல்லாத் தாயும் முகத்தைப் பார்ப்பா. இவ பார்த்தது காலை. சின்ன வயதில் வாவியில் இறால் பிடிக்கப் போய்த் திருக்கை முள் ஏறின கால் அது, இடது கால், இன்னும் நோகும் என்றா. அதற்குப் பிறகுதான் நானும் லூயிஸும் கண்டோம்: சுடுமணலில் வைக்கிற மாதிரி அந்தக் காலை வைத்து வைத்து எடுக்கிறான். எத்தனை ஊரில் காட்டியிருப்போம், எங்கள் கண்ணில் படவில்லை.

"சப்பாத்துக் கடிக்குது அவனுக்கு" என்றா.

"நல்ல சப்பாத்து மாமி, அரசாங்கம் குடுத்தது" என்று என் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

அவ என்னைக் கோபிக்கவில்லை. சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டா.

"முகத்துக்குச் சிரிக்கச் சொல்லிக் குடுத்திருக்கிறாங்க மனே. காலுக்குச் சொல்லிக் குடுக்கல்ல."

நிப்பாட்டச் சொன்ன காக்கா

காத்தான்குடியில் தறி போட்டுச் சீலை நெய்கிறவர்கள் இருக்கிறார்கள். படம் முடிந்ததும் அவர்களில் வயதான ஒரு முஸ்லிம் பெரியவர், அவர்களைக் காக்கா என்போம், மெஷினுக்குக் கிட்ட வந்தார். "வாப்பா, அந்தக் காக்கி உடுப்பு வாற இடத்தை ஒருக்கா நிப்பாட்டிப் பிடிங்க. இழையைப் பார்க்க வேணும்."

லூயிஸ் சிரித்தான். "நிப்பாட்ட ஏலாது காக்கா. உள்ளுக்குள்ள விளக்குச் சூடு. ஓடிக்கொண்டு இருக்குமட்டும் படத்துக்கு உயிர். ஒரு இடத்தில நிண்டா அந்த இடத்திலேயே பத்தி எரிஞ்சிரும்." அதற்காகத்தான் மெஷினுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வாளியில் மணல் வைத்திருப்பான். வேண்டுமானால் இன்னொருதரம் ஓட்டுகிறேன் என்று ஓட்டினான்.

காக்கா இந்த முறை துணிக்குக் கிட்டப் போய் மூக்கு முட்ட நின்றார். பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அவர் அதைக் காதில் போடவில்லை. பார்த்து முடித்துத்தான் திரும்பி வந்தார். ரைட்டர் ஐயா, "எப்படி, உடுப்பு நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டார்.

"சண்டைக்குப் போன உடுப்பெண்டா சேறு இருக்கும், வேர்வை உப்பு இருக்கும், ஒரு கிழிசலாவது இருக்கும். இதில பெட்டியால எடுத்த மடிப்பும் போகல்ல. சீலை விக்கிற ஆக்களுக்கே சீலை காட்டுறீங்களே வாப்பா!"

எழும்பி நின்ற தாய்

அதற்குப் பிறகு தங்கப்பிள்ளை மாமி எங்கள் படத்தைத் தேடித் தேடி வரத் தொடங்கினா. படுவான்கரையில் இருந்து எங்கள் பக்கம் வர வாவியைக் கடக்க வேண்டும். வண்டியையும் மாட்டையும் ஏற்றி இழுக்கிற மிதவை ஒன்று இருக்கிறது, அதைப் பாதை என்போம். அந்தப் பாதையில் நெல் மூடைகளோடு நெருங்கி நின்று கடந்து, பிறகு நடந்து வருவா. மகனிடமிருந்து வேறு சங்கதி ஒன்றும் வருவதில்லை. கட்டுச்சோறும் கருவாட்டுப் பொரியலும் இருக்கும் கையில், அது எங்களுக்கு. "என்ட புள்ளைய ஊர் ஊராக் கூட்டித் திரியுறீங்க, உங்கட வயிறு காயலாமா?" என்பா. நாகமணி வருகிற இடம் முடிந்ததும் எழும்பிப் போய்விடுவா. அந்த இடத்தில் லூயிஸ் மெஷினின் ஓட்டத்தைக் கொஞ்சம் குறைப்பான். தின்ற சோற்றுக்கு அவனால் முடிந்தது அது.

ரைட்டர் ஐயாவுக்கு இது தெரிய வந்தது. அவருக்குச் சந்தோசம். ஒரு சந்தை ஊரில் படத்துக்கு நடுவே விளக்கைப் போடச் சொல்லி, "சபையோரே, அதோ நடப்பவரின் அன்னை இங்கேயே இருக்கிறார். வீரத்தாய்! எழுந்து நில்லுங்கள் அம்மா!" என்றார். சனம் கை தட்டியது. முன்வரிசைப் பொடியன்மார் இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து இருந்தார்கள். ஐயா பேனையை எடுத்தார். மாமி கூச்சப்பட்டு எழும்பி நின்றா. ஏதாவது சொல்லுங்கள் என்று என் தகரக் குழலை வாங்கி அவவுக்கு நீட்டினார். அவவுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

"ஓம், என்ட மகன்தான். நல்லாத்தான் நடக்கிறான். ஆனா சப்பாத்து அவனுக்கு அளவு சின்னன், கால் நோகுது. ஐயா, நீங்க பெரிய இடத்துக்கு எழுதுறவர்தானே, அதையும் ஒருக்கா எழுதிப்போடுங்க."

கை காட்டிய கப்பல்

ஜப்பான்காரன்ட பிளேன்கள் வந்து எங்கட கரைக்கு அப்பால் ஒரு பெரிய கப்பலை அடித்துத் தாட்டுக் கொஞ்ச நாள்தான் இருக்கும். அந்த நேரம் பார்த்துக் கல்குடாப் பக்கம் படம் காட்ட எங்களை அனுப்பினார்கள். மீன்பிடிக்கிற சனம். கரையில் தோணிகளுக்கு நடுவே துணியைக் கட்டினோம். ரொட்டியும் இறைச்சியும் வந்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். தங்கப்பிள்ளை மாமியும் வந்திருந்தா. மகன் நடந்து போன பிறகும் அன்றைக்கு எழும்பவில்லை. காற்று நல்லாயிருக்கு என்று இருந்துவிட்டா.

கடைசியில் கப்பல் வந்தது. எல்லாரும் கை காட்டினார்கள். நான் குழலைத் தூக்கி, "கடல் கடந்து உலகம் பார்க்கலாம்!" என்றேன். ஒரு மனிசன் எழும்பி நேரே வெளிச்சத்துக்குள் வந்து நின்றான். அவன் நிழல் கப்பலை மூடியது. "உக்காருடா" என்று கத்த அங்கே ஒருவரும் இல்லை. மற்றவர்களுக்குத் தெரியும் அவன் என்ன சொல்லப் போகிறான் என்று. மாமியும் அவனையே பார்த்துக்கொண்டு இருந்தா. அவன் சொல்லி முடித்தபோது சீலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்திருந்தா.

"அண்ணே, கப்பல்ல நிண்டு கை காட்டுறதை நீங்க காட்டுறீங்க. கடல்ல கிடந்து கை காட்டினதை நாங்க கண்டோம். அந்தக் கையைப் பிடிச்சுத் தோணிக்குள்ள இழுத்தா, தோல்தான் எங்கட கையோட வந்தது."

வெட்ட அதிகாரம் இல்லை

ஒருநாள் பகல், வயலில் நெற்கதிரைப் போட்டுச் சூடு மிதிக்கிற நேரம், ஊர்த் தலைமைக்காரர் விதானையார் தங்கப்பிள்ளை மாமியின் வளவுக்கு வந்தார். நாகமணி செத்துப்போனானாம். கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு பாலைவனத்தில். எப்படி, என்ன நடந்தது, எங்கே தாட்டார்கள் என்று விதானையாருக்கும் தெரியாது. துக்கம் சொல்ல வந்தவர் நெற்போரடியில் மத்தியானம்வரை நின்றாராம். அவருக்குச் சொல்லவும் வாய் வரவில்லை, போகவும் மனம் வரவில்லை. கேட்டதும் நானும் லூயிஸும் போய் வளவுக்குள் இருந்துவிட்டு வந்தோம். மாமி அழவில்லை. எங்களுக்குச் சோறு போட முடியவில்லை என்று மட்டும் சொன்னா. செத்த வீட்டில் உலை வைப்பதில்லையே.

அடுத்த நாள் பின்னேரம் எங்களுக்கு ஏறாவூரில் படம். நாங்கள் ரைட்டர் ஐயாவிடம் போனோம். "அந்தப் பொடியன் வாற இடத்தை மட்டும் வெட்டி எடுத்திட்டு ஒட்டித் தாறன் சேர். ஒருத்தருக்கும் விளங்காது" என்றான் லூயிஸ். ரைட்டர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிசன் இல்லை. துடைத்துக்கொண்டே இருந்தார். படம் கொழும்பில் இருந்து வருகிறது, அதில் ஒரு விரற்கடை வெட்டவும் தமக்கு அதிகாரம் இல்லை, சிரிக்கிறவன் இருக்கிற இடம்தான் படத்திலேயே நல்ல இடம் என்று மேலே இருப்பவர்கள் சொல்கிறார்கள் என்றார்.

"செத்துப்போயிட்டான் ஐயா" என்றேன் நான்.

"இறந்தது உண்மைதான். ஆனால் படத்தில் அவர் இறக்கவில்லையே."

நடக்கிறவனுக்கு ஆர் படைக்கிறது

பிறகு மாமி படத்துக்கு வருவதில்லை. ஊரில் இருந்து கதை மட்டும் வந்தது. உடல் இல்லாத சாவுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைத்து, எட்டு, முப்பத்தொன்று என்று நாள் காரியங்களை ஒவ்வொன்றாக முடிப்பது எங்கட வழக்கம். அவ ஒன்றையும் செய்ய விடவில்லையாம். தமையன்மார் வந்து ஏசிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். மகன் இருக்கிறான் என்று பிடிவாதம் பிடிக்கிறாவோ, புத்தி பேதலித்துவிட்டதோ என்று சனம் பேசிக்கொண்டது.

ஒருநாள் காலையில் புளியந்தீவில், கோட்டை மதிலோரம் வண்டியைக் கழுவிக்கொண்டு நிற்கிறோம், மாமி வந்து நிற்கிறா. மெலிந்து போயிருந்தா. புத்தி ஒன்றும் பேதலிக்கவில்லை. கதை நேராகத்தான் இருந்தது.

"செத்திட்டான் எண்டு எனக்குத் தெரியும் மனே. கல்குடாவில அந்தப் புள்ள சொன்னானே, அண்டைக்கே என்ட வயிறு சொல்லிச்சு. ஆனா நான் எப்பிடிக் கொள்ளி வைக்கிறது? முந்தநாள் காத்தான்குடியில நடந்தானாம். நேத்துச் சந்தைக்குப் போனவ வந்து சொல்றா, உங்கட மகன் சிரிச்சுக்கொண்டு போறான் எண்டு. செத்தவனுக்குப் படைக்கலாம். நடக்கிறவனுக்கு ஆர் படைக்கிறது? அவனை ஊர் ஊராக நடக்க வெச்சிட்டு, இஞ்ச நான் முப்பத்தொண்டு முடிச்சா, அவன் எந்தப் பக்கம் போவான்? அந்தக் காலை வெச்சுக்கொண்டு."

ரைட்டர் ஐயா சொன்னதை நான் சொன்னேன், வெட்ட அதிகாரம் இல்லை என்று. அவ அதைக் கேட்கவே வரவில்லை. லூயிஸ் ஈரத் துணியைப் பிழியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தண்ணீர் அவன் சப்பாத்தில் வடிந்துகொண்டிருந்தது. மாமி அவனைப் பார்த்துத்தான் கேட்டா.

"வெட்ட வேணாம் தம்பி. என்ட புள்ளைய வெட்டவா சொல்லுவன்? ஒருக்கா நிப்பாட்டு. நிண்டான் எண்டா நான் வாய்க்கரிசி போட்டிருவன்."

வெள்ளையும் கட்டியிருக்கு

படுவான்கரைக்கு மறுகா ஒருமுறை போக வேண்டும் என்று லூயிஸே ரைட்டர் ஐயாவைக் கேட்டான். அறுவடை முடிந்துவிட்டது, பொடியன்மார் சும்மா இருப்பார்கள் என்று காரணம் சொன்னான். ஐயாவும் சரி என்றார். பாதையில் வண்டியை ஏற்றும்போது பார்த்தேன், மணல் வாளி இரண்டு இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் கேட்டிருக்கமாட்டீர்கள்.

அதே வெளி. கம்பு நட்டுத் துணி கட்டுவது என் வேலை. அன்றைக்கு ஊர்க் கட்டாடியார் வந்தார். ஊருக்குத் துணி வெளுக்கிறவர். எங்கட பக்கம் சாவீட்டில் வெள்ளை கட்டுவதும் அவர்தான். என் கையில் இருந்த துணியை வாங்கி, ஒரு சுருக்கம் இல்லாமல் அவரே இழுத்துக் கட்டினார். சனம் வந்தது. பாய் இல்லை, தலையணை இல்லை. ரைட்டர் ஐயாவுக்கு அது நல்ல அடையாளமாகத் தெரிந்தது. படம் எவ்வளவு நேரம் என்று பழகிவிட்டார்கள் என்றார். மெஷினுக்குக் கிட்ட இருந்தவர்களை லூயிஸ் தள்ளித் தள்ளி இருக்கச் சொன்னான். பொழுது பட்டதும் மாமி முழுகின ஈரத் தலையோடு வந்தா. முந்தானையில் பச்சரிசி முடிந்திருந்தது. கட்டியிருந்த துணியை ஒருதரம் பார்த்தா. "வெள்ளையும் கட்டியிருக்கு" என்று பக்கத்தில் நின்றவவிடம் சொன்னா.

நான் என் பாட்டுக்குக் கூவினேன். மூன்று நேரமும் சாப்பாடு என்றேன். காலுக்குச் சப்பாத்து என்னும்போது என் வாய் நின்றுவிட்டது. நாகமணி வந்தான். திரும்பினான். சிரித்தான். லூயிஸ் மெஷினில் கையை வைத்தான்.

நின்றான். இடது காலைத் தூக்கினபடி, இன்னும் நிலத்தில் வைக்காதபடி. மாமி நிழல் விழாமல் ஓரமாகப் போனா. எத்தனை ஊரில் பார்த்த பழக்கம். எட்டி, அந்தச் சிரிப்பு இருந்த இடத்தில் அரிசியைப் போட்டா. துணியில் பட்டுப் பட்டென்று விழுந்தது. இன்னொரு பிடி போட முன்னம் அவன் நெஞ்சில் ஒரு கபில நிறப் பொட்டு வந்தது. அது விரிந்தது. முகம் சுருங்கி உள்ளே போனது, பிறகு தூக்கின கால், பிறகு சப்பாத்து. துணி வெறும் வெள்ளையாக நின்றது. பின்னால் மெஷினில் குப்பென்று நெருப்பு, படச் சுருள் முழுக்கப் பிடித்தது. லூயிஸ் ஒரு வாளி மணலைக் கொட்டினான், பிறகு மற்ற வாளியையும். அந்த மணம் வந்த பிறகுதான் பெண்டுகள் ஒப்பாரிக் குரல் வைத்தார்கள். விழுந்தவனுக்குப் பாடுகிற தொண்டை எனக்கும் இருந்தது. அன்றைக்கு அது தேவைப்படவில்லை.

"மிஸ்டர் லூயிஸ், என்ன இது?" என்று ரைட்டர் ஐயா ஓடிவந்தார்.

"மெஷின் நிண்டிட்டுது சேர். பழைய மெஷின்."

ஐயா வெறும் வாளிகள் இரண்டையும் பார்த்தார். துணியடியில் சிதறிக் கிடந்த அரிசியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு ஆள் எழுத வாருங்கள் என்று கூப்பிடவில்லை. மாமியைத் தமையன்மார் பிடித்துக்கொண்டு போனார்கள், காரியத்துக்கு ஆயத்தம் பண்ண. எங்களைக் கடக்கையில் நின்று, லூயிஸின் கரி பிடித்த கையைத் தொட்டா.

"இனிக் கால் ஆறுவான் தம்பி. சப்பாத்தும் எரிஞ்சிட்டுதானே."

பாதையில் திரும்பி வந்தது

வாவியில் காற்று இல்லை. பாதைக்காரர்கள் கயிற்றைப் பிடித்து இழுக்க, தண்ணீர் பலகையில் மெல்ல அடித்தது. ரைட்டர் ஐயா வண்டிக்குள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நித்திரையோ இல்லையோ தெரியாது. படுவான்கரைப் பக்கம் ஒரு வளவில் மட்டும் விளக்குகள் நிறைய எரிந்தன. இனி அவனைப் பற்றி ஒரு சந்தையில் இருந்தும் அவவுக்குக் கதை வராது, நிம்மதியாக முப்பத்தொன்றை முடிப்பா என்று நான் சொன்னேன். லூயிஸ் கையைத் தண்ணீரில் விட்டுக் கரியைக் கழுவிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் சொன்னான்:

"இது மட்டக்களப்புக்கு வந்த படம் மச்சான். யாழ்ப்பாணத்தில ஒண்டு ஓடுது, காலியில ஒண்டு ஓடுது. அங்கயெல்லாம் அவன் இன்னும் நடக்கிறான். நீ பெரிய வாய்க்காரன், இதை மட்டும் கூவிப்போடாத."

அந்தச் சண்டைப் படத்தை எத்தனையோ ஊரில் எத்தனையோ தரம் காட்டினோம். அதில் ஒருவன் முறைப்படி செத்தது அந்த ஒரு நாள்தான்.